ஆறாள் கதவு

10-2-1997 — 68
11-8-1997 — 70
9-2-1998 — 68
10-8-1998 — 72
8-2-1999 — 58
19-2-1999 — 133

இந்தக் கூட்டுத்தொகைகள் பணக் கணக்கு அல்ல. தச்சன் என்று எல்லோரும் அழைத்த ஒரு கைதி எவ்வளவு ஆபத்தானவன் என்று சிறை நிர்வாகம் கூட்டிப் போட்ட மதிப்பெண்கள். அந்த மதிப்பெண்களில் ஒரு பகுதியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர் ஒரு வார்டர். அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் இந்த ஆறு வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் சிறை வேலைக்கு வருவதற்கு முன் ஒரு கிடங்கில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் முறம் முறமாக இருக்கும். இருபத்து நாலு வயதில் காக்கி போட்ட முதல் நாளே அவரை மேலும் கீழும் பார்த்த அப்போதைய தலைமை வார்டர், "இந்தக் கைக்கு ஏத்த வேல இருக்கு" என்று சொல்லி உள்கோட்டைக்கு அனுப்பிவிட்டார். சிறைச் சுவருக்குள் இன்னொரு சுவர் கட்டி, அதற்குள் இருபத்து நாலு அறைகள். அதுதான் உள்கோட்டை. அடங்காதவர்களுக்கான இடம்.

அங்கே கைதியின் வகை அவன் கதவிலேயே எழுதியிருக்கும். எத்தனை வார்டர்கள் கூடி நின்றால் அந்தக் கதவைத் திறக்கலாம் என்ற எண்தான் வகை. நாற்பது மதிப்பெண்ணுக்குக் கீழே ஓராள். நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை மூணாள். அறுபதும் அதற்கு மேலும் ஆறாள். கைதிகள் இதைப் பட்டம் போலச் சொல்லிக்கொள்வார்கள். "நான் ஆறாளுடா. நீ யாரு, ஓராளா? உன் கதவப் பூனையே தள்ளித் தொறக்கும்" என்று ஒருவனை ஒருவன் கேலி செய்வது நாள் முழுவதும் நடைக்கூடத்தில் கேட்கும். மூணாள்கள் காலையில் முற்றத்தில் கூட்டமாக நடக்கலாம். ஆறாளுக்கு முற்றம் தனி. அவன் முகத்தை இன்னொரு கைதி பார்க்க முடியாது.

ஆறாள் கதவைத் திறக்க ஒரு முறை உண்டு. ஒருவர் சாவி. இரண்டு பேர் கைகள். இரண்டு பேர் கால்கள். ஒருவர் தலை. கதவு திறந்ததும் கைதி முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். தலைக்காரர் அவன் தலையை இரண்டு கையாலும் பற்றிச் சுவரோடு அழுத்துவார். பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். முறக்கைக்காரருக்குக் கிடைத்தது தலை. மற்ற தலைக்காரர்கள் எல்லோரும் பிடித்ததும் ஒருமுறை சுவரில் நச்சென்று மோதுவார்கள். அதற்கு அவர்களிடையே வணக்கம் என்று பெயர். இவர் இருபத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட வணக்கம் வைத்ததில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பிடிப்பது போலப் பிடிப்பார். வலது கை பிடிப்பவருக்கு எருமை என்று பெயர். பெயருக்கேற்ற உடம்பும் அதற்கேற்ற கோபமும் உள்ளவர். "அண்ணே, நீ தலையப் பிடிக்கிறியா, பேன் பாக்குறியா?" என்று கேட்பார்.

தச்சன் 1996 ஆகஸ்டில் வந்தான். அவனுடைய பட்டறைக்கும் பக்கத்து மர அறுவைப் பட்டறைக்கும் நடுவே ஒரு பொதுச் சுவர். அது யாருடையது என்பதில் சண்டை. பக்கத்துப் பட்டறை அண்ணன் தம்பி இரண்டு பேர் அவன் இடது கையை ரம்பப் பலகையில் வைத்து இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். புண் ஆறும்வரை அவன் வாயே திறக்கவில்லை. ஆறியதும் ஒரு மத்தியானம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உளியும் அதை அடிக்கும் கொட்டாப்புளியுமாக உள்ளே போனான். மூத்தவன் பிடரியில் உளியை வைத்து, மரத்தில் துளை போடுவது போல ஒரே அடி. இளையவன் வாசல் வரை ஓடினான். அவனுக்கு மூன்று அடி தேவைப்பட்டது. பிறகு தச்சன் உளியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நின்றான்.

செத்தவர்களுக்கு இன்னொரு தம்பி இருந்தான். அன்று ஊரில் இல்லை. வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் கடைக்குட்டி என்று கூப்பிடுவார்கள். ஆள் கதவு உயரம், கதவு அகலம். தச்சன் உள்ளே போன இரண்டாவது மாதம், பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவன் முகத்தைக் கத்தியால் கிழித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து போலீசுக்காகக் காத்திருந்தான். அவன் விரும்பிய சிறைக்கே வந்து சேர்ந்தான். வகை மூணாள். "அவன் கீழ எறங்கி வரட்டும். எனக்கு அவசரமில்ல" என்று முற்றத்தில் எல்லோர் காதிலும் விழச் சொல்வான்.

இரண்டு கொலை செய்தவன் என்பதால் முதல் ஆறு மாதம் தச்சனைக் கேள்வியே இல்லாமல் ஆறாளில் வைத்தார்கள். அதற்குப் பின் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் இரண்டாவது திங்கட்கிழமை மறுஆய்வு. வகைப்படுத்தும் அதிகாரிக்கு மார்க் சார் என்று பெயர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுவார். கைதிக்கு எதிரிலேயே தாளை வாசித்துக் கூட்டுவார். கொலை இரண்டுக்கு முப்பது. ஆயுள் தண்டனைக்குப் பத்து. எதைக் கொடுத்தாலும் ஆயுதமாக்கத் தெரிந்த தொழிலுக்கு எட்டு. ஆகமொத்தம் நாற்பத்தெட்டு. இது மாறாது. அதற்கு மேல் வருவது அந்த ஆறு மாத நடத்தைக்கு.

5-2-1997 அன்று காலை கதவு திறந்தது. தச்சன் முதுகைக் காட்டி நின்றான். வார்டர் அவன் தலையைத் தொடுவதற்குள் திரும்பி, மார்போடு மறைத்து வைத்திருந்த அலுமினியத் தட்டின் விளிம்பால் அவர் வாயில் ஓங்கி வெட்டினான். மேல்வரிசை முன்பல் இரண்டு தட்டிலேயே விழுந்து கணீரென்று சத்தம் கேட்டது. எருமையும் மற்றவர்களும் அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். அடிக்கு வட்டி என்பார்கள் அதை. வட்டி முடிந்தபோது தச்சனின் ஒரு காது பிய்ந்து தொங்கியது. அன்றுவரை முறம் என்று அழைக்கப்பட்ட வார்டர் அதற்குப் பின் ஓட்டைப்பல் ஆனார். அடுத்த திங்கட்கிழமை தச்சனின் மொத்தம் அறுபத்தெட்டு.

ஆகஸ்டில் விலாவில் முழங்காலால் ஒரு இடி. எலும்பு இரண்டு முறிந்தது. போகிற போக்கில் காறித் துப்பியதற்குத் தனியாக இரண்டு மதிப்பெண். மறு பிப்ரவரியில் வலது கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்தான். பல்லை நெம்பி விரலை எடுக்க எருமை அவன் தாடையைப் பூட்ஸ் காலால் உதைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஆகஸ்டில் இரண்டு முறை துப்பி நான்கு மதிப்பெண் சேர்த்துக்கொண்டு, விலங்கு மாட்டிய இரண்டு கையையும் சேர்த்து ஓட்டைப்பல்லின் இடது கண்ணில் இறக்கினான். கண் பிழைத்தது. ஆனால் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள திரை பாதி கிழிஞ்சிருக்கு. இன்னொரு அடி இதே கண்ணுல விழுந்தா எங்கிட்ட வராதீங்க. கண்ணாடிக் கண்ணு விக்கிறவன்கிட்ட போங்க" என்றார்.

அவருடைய மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். நாள் முழுவதும் அனலில் நின்றுவிட்டு வந்து, இரவில் அவர் தலையை மடியில் வைத்துக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவார்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல சம்பள உயர்வு எப்ப எப்ப தருவாங்க?"

"வருஷத்துக்கு ஒருவாட்டி. ஏன்?"

"இந்த அடி மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி கரெக்டா வருதே. சம்பளத்த விட இது ஒழுங்கா வருது. அதான் கேட்டேன்."

அவர் சிரித்தார். மருந்து கன்னத்தில் வழிந்தது. பிறகு சிரிப்பு நின்றது. மனைவி சொன்னதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். பிப்ரவரி, ஆகஸ்ட், பிப்ரவரி, ஆகஸ்ட். நான்கும் மறுஆய்வுக்கு முந்தைய வாரம். மற்ற நாட்களில் அவன் கை நீட்டியதே இல்லை.

மறுநாள் சாப்பாட்டுத் துவாரத்தைத் திறந்து தட்டைத் தள்ளியபோது குனிந்து கேட்டார்.

"டேய் தச்சா. மார்க்குக்காகத்தானே என்னை அடிக்கிற?"

உள்ளே தச்சன் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டான். பிறகு துவாரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணே. எனக்கு மாறாதது நாப்பத்தெட்டு. அறுபது வேணும். உங்கள அடிச்சா இருபது. கீழ எறங்கினா முற்றத்துல கடைக்குட்டி நிக்கிறான்."

"ஆறு பேர் வர்றோம். அதுல ஏன்டா நான்?"

"எருமைய அடிச்சா அந்த ஆளு வட்டி போடுறதுல நான் மேல போயிடுவேன். அப்புறம் மறுஆய்வ எமன்தான் பண்ணணும். நீங்க திருப்பி அடிக்க மாட்டீங்க. வணக்கமும் வைக்க மாட்டீங்க. யோசிச்சுப் பாத்தேன். நீங்கதான் தோது."

இருபத்தேழு வருடம் மெல்லப் பிடித்ததற்குக் கிடைத்த சான்றிதழ் இது. ஓட்டைப்பல்லுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. "பாதுகாப்பு அறை கேளுடா" என்றார்.

"கேட்டா யாரால ஆபத்துன்னு பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். கடைக்குட்டியக் கூப்பிட்டு அதப் படிச்சுக் காட்டுவாங்க. வெளியில எனக்கு ஒரு தம்பி இருக்கான் அண்ணே. பொண்டாட்டி, ரெண்டு பிள்ள. கடைக்குட்டி சொந்தக்காரங்க வீடு அதே தெரு."

ஓட்டைப்பல் மார்க் சாரிடம் போனார். விஷயத்தைச் சொன்னார். மார்க் சார் கண்ணாடியைத் துடைத்தார்.

"சார், அவன் ஆபத்தானவன் இல்ல. ஆபத்துல இருக்கான்."

"ஆபத்தானவன்னு எழுத இந்தத் தாள்ல பதினோரு இடம் இருக்கு. ஆபத்துல இருக்கான்னு எழுத ஒரு இடம்கூட இல்ல. நான் எங்க எழுதட்டும், என் நெத்தியிலயா?"

"அப்ப அவன் என்னை அடிச்சுக்கிட்டே இருக்கணுமா சார்?"

"நான் அப்படிச் சொல்லல. அடிச்சா போடுவேன். அடிக்கலன்னா போட மாட்டேன். நான் தராசு. தராசுகிட்ட போயி நியாயம் கேக்காதீங்க."

மூட்டை எடை போட்டவரிடம் தராசைப் பற்றிப் பேசினால் அவர் என்ன சொல்வார். திரும்பி வந்துவிட்டார்.

பிப்ரவரி நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு பகுதிக்கு மாற்றல் கேட்கலாம். கேட்டால் தலைக்கு வேறொருவர் வருவார். எருமையே வரலாம். தச்சன் எருமையை அடிக்க வேண்டியிருக்கும். அதோடு அவன் கதை முடியும். மாற்றல் கேட்காவிட்டால் கண் போகலாம். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஆளு உசிரு உங்க கண்ணுக்குள்ள இருக்குன்னு எங்கயாவது எழுதியிருக்கா? ஒரு கண்ண வச்சிக்கிட்டு என்னையப் பாதியாத்தான் பாப்பீங்க. எனக்கு அது வேணாம்."

ஓட்டைப்பல் ஒரு வழி கண்டுபிடித்தார். பிப்ரவரி மூன்றாம் தேதி துவாரத்தில் குனிந்து சொன்னார்.

"நாளைக்குத் தோள்ல ஒரு அடி அடி. நான் விழுந்துடறேன். மத்தத நான் பாத்துக்கறேன்."

தச்சன் உச்சுக்கொட்டினான். "ரத்தம் வேணாமா அண்ணே?"

"எதுக்குடா ரத்தம்? அடி அடிதான்."

"நீங்க சொன்னா சரி."

மறுநாள் நாடகம் நன்றாகவே நடந்தது. தச்சன் திரும்பினான், தோளில் இடித்தான். ஓட்டைப்பல் "அம்மா" என்று அலறிக்கொண்டு நடைக்கூடத்தின் எதிர்ச் சுவர்வரை போய் விழுந்தார். பார்த்தவர்கள் நம்பினார்கள். நம்பியதுதான் வினை. எருமை வட்டியோடு அசலையும் சேர்த்துப் போட்டார். பொய் அடிக்கு மெய்யாக மிதித்தார்கள். தச்சனின் மூக்கெலும்பு உள்ளே போனது. நெஞ்சில் ஏறி ஒருவர் குதித்தபோது காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம் ஓட்டைப்பல்லுக்குக் கேட்டது. அவர் தரையில் கிடந்தபடி, "போதும்டா, போதும்டா" என்று கத்தினார். தன் வலி தாங்காமல் கத்துகிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு மிதி கூடுதலாக மிதித்தார்கள்.

டாக்டர் ஓட்டைப்பல்லின் சட்டையை இறக்கிப் பார்த்தார். "எங்க வலிக்குது?"

"தோள்ல."

"செவக்கக்கூட இல்லையே. எங்க வீட்டு வாசப்படியில இதவிட அதிகமா இடிச்சுக்குவேன்." தாளில் இரண்டு சொல் எழுதினார்: காயம் இல்லை. ஓட்டைப்பல் அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டார். இரண்டு கண்ணாலும் மனைவியைப் பார்த்தார். குறட்டை விட்டுத் தூங்கினார்.

8-2-1999 திங்கட்கிழமை. ஆறு பேர் சூழ்ந்து நிற்க, வீங்கிய முகத்தோடு தச்சன் விலங்கில் நின்றான். மார்க் சார் வாசித்தார். "கொலை முப்பது. ஆயுள் பத்து. தொழில் எட்டு. பணியாளரைத் தாக்கியது, காயம் இல்லை, பத்து. மொத்தம் ஐம்பத்தெட்டு. வகை: மூணாள்."

ஓட்டைப்பல்லின் கைகள் அப்போது தச்சனின் தலையில் இருந்தன. "சார், அடிச்சா இருபதுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"ரத்தம் வந்தா, எலும்பு முறிஞ்சா இருபது. இல்லன்னா பத்து. எப்பவும் அப்படித்தானே."

எப்பவும் அப்படித்தான். ஆனால் ஓட்டைப்பல்லை அடித்தவன் யாரும் இதுவரை காயமில்லாமல் அடித்ததில்லை. பத்து என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிற்று. தச்சன் தலையைத் திருப்பவில்லை. சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்: "ரத்தம் வேணாமான்னு கேட்டேனே அண்ணே."

அன்றே அவர் மார்க் சாரின் அறையில் போய் நின்று, "சார், இப்பப் போயி அடிக்கச் சொல்றேன். பல்லு இன்னும் மிச்சமிருக்கு" என்றார். "மறுஆய்வு முடிஞ்சுது. இனிமே அடிச்சா ஆகஸ்டு கணக்குல வரும்" என்றார் மார்க் சார். ஓட்டைப்பல் மறுநாள் தலைமையகத்துக்கு ஒரு மனு எழுதினார். இந்தக் கைதியை மதிப்பெண் பார்க்காமல் ஆறாள் வகையிலேயே வைக்க வேண்டும், கீழே இறக்கினால் உயிர்ச்சேதம் ஆகும் என்று நான்கு வரி. கண்காணிப்பாளர் முத்திரை குத்தி மேலே அனுப்பினார். உள்கோட்டை முழுவதும் இது சிரிப்பாகிவிட்டது. "அடிச்சவன இன்னும் பெரிய ஆளாக்குங்கன்னு மனு போட்டது உலகத்துலயே நீதான் அண்ணே. மாமியார் வரலன்னு அழுத மருமக கதைதான்" என்றார் எருமை. ஆனால் ஓட்டைப்பல் கெஞ்சிக் கேட்டதால் கடைக்குட்டியின் அறையைச் சோதனை போட்டுக் கொடுத்தார். பாய், போர்வை, தண்ணீர்க் குடம். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாது. அவன் கட்டிலிலிருந்து உடைத்த கம்பி, ஏற்கெனவே முற்றத்துச் சாக்கடைக்குள் காத்திருந்தது.

15-2-1999 அன்று தச்சனை மூணாள் பக்கம் மாற்றினார்கள். ஓட்டைப்பல் முற்றத்துக் காவலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் இரண்டு நாள் தச்சன் விலா வலி என்று சொல்லி அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள், பதினேழாம் தேதி, வெளியே தள்ளினார்கள்.

அவன் முற்றத்தின் மூலைக்குப் போய் முதுகைச் சுவரில் சாய்த்து நின்றான். கைதிகள் தாங்களாகவே ஒதுங்கினார்கள். கூட்டம் சிதறி நடுவே வெற்றிடமானதைப் பார்த்ததுமே ஓட்டைப்பல் விசிலை வாயில் வைத்தார். முன்பல் இல்லாத வாயில் விசில் நழுவியது. கடைக்குட்டி சாக்கடையில் குனிந்து நிமிர்ந்தான். ஓடவில்லை. கடைத்தெருவுக்குப் போகிறவன் போல நடந்து வந்தான்.

"எங்க பெரியண்ணன் சாப்பாட்ட முடிக்கவே இல்லடா" என்றான்.

கம்பி தச்சனின் வயிற்றில் ஒரு பக்கமாக இறங்கியது. தச்சன் இரண்டு கையாலும் கம்பியைப் பற்றினான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டினார்கள். சுவரிலும் தரையிலும் ரத்தம் பீய்ச்சி அடித்தது. ஓட்டைப்பல் ஓடினார். யோசிக்க நேரமில்லை. இருபத்தேழு வருடமாகக் கைகள் ஒன்றே ஒன்றைத்தான் பழகியிருந்தன. பின்னாலிருந்து போய்த் தச்சனின் தலையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். அவனைக் காப்பாற்றி இழுத்துக்கொண்டு போவதாகத்தான் நினைத்தார். ஆனால் தலையைப் பிடித்தால் உடம்பு நின்றுவிடும். அதற்காகத்தானே அந்தப் பிடி. தச்சன் அசைய முடியாமல் நின்றான். கடைக்குட்டி கம்பியை உருவி இரண்டாம் முறை குத்தினான். இந்த முறை நெஞ்சுக்கு மேலே.

"விடுங்கண்ணே!" என்று தச்சன் கத்தினான்.

கை விடவில்லை. விட வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை. மூன்றாவது குத்துக்குக் கம்பி ஓங்கியபோது தச்சன் முழங்கையைப் பின்னால் வீசினான். அது ஓட்டைப்பல்லின் இடது கண்ணுக்குள் போனது. முட்டை உடைவது போல ஏதோ கன்னத்தில் வழிந்தது. பிடி விட்டது. தச்சன் கால்சட்டை மடிப்பிலிருந்து ஒரு மரத்துண்டை உருவினான். துடைப்பக் கட்டையைத் தரையில் இரண்டு இரவு தேய்த்துச் செய்த உளி. கொட்டாப்புளி இல்லை. உள்ளங்கையையே கொட்டாப்புளியாக்கினான். கடைக்குட்டியின் தொண்டைக் குழியில் வைத்து ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. கதவு போன்ற அந்த உடம்பு முழங்காலில் மடிந்து முன்னால் சாய்ந்தது.

பிறகு தச்சன் தானே திரும்பிச் சுவரைப் பார்த்து, நெற்றியைச் சுவரில் பதித்து, கைகளைப் பின்னால் நீட்டி நின்றான். ஆறு பேர் வரும்வரை அப்படியே நின்றான். வந்தார்கள். வட்டி போட்டார்கள். அவன் சாகாதது ஆச்சரியம் என்று அறுவை செய்த டாக்டர்கள் சொன்னார்கள்.

சிறைக்குள் கொலை நடந்தால் ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை; இரண்டு நாளில் மார்க் சார் தனிக் கூட்டல் போட்டார். கொலை மூன்று ஆனதால் நாற்பத்தைந்து. ஆயுளும் தொழிலும் பதினெட்டு. சிறைக்குள் கொலை ஐம்பது. பணியாளரைத் தாக்கியது, காயத்துடன், இருபது. நூற்று முப்பத்து மூன்று. அந்தச் சிறையில் அவ்வளவு யாரும் வாங்கியதில்லை.

மருத்துவமனையில் ஓட்டைப்பல்லின் கண்ணை எடுத்துவிட்டார்கள். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு அடிய மிச்சம் பிடிச்சீங்க. அதுவும் வந்துருச்சு."

"அவன் மேல தப்பில்ல. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். விடச் சொன்னான். விடல."

"விட்டிருந்தா?"

"தெரியல. அந்த ரெண்டாவது குத்து விழுந்திருக்காது. அவன் ஒருவேளை அந்தப் பையனக் கொல்லாம ஓடியிருப்பான். தெரியல."

"அப்படி ஓடுற ஆளு துடைப்பக் கட்டையத் தேய்ச்சு வச்சிருப்பானா?" என்றார் மனைவி.  ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் மற்றதன் பதில் பொய்யாகிவிடும்.

மே மாதம் வேலைக்குத் திரும்பினார். ஒற்றைக் கண்காரர் தலை பிடிக்க முடியாது. தூரம் தெரியாது. சாவியைக் கொடுத்தார்கள். தலைக்கு எருமை போனார். முதல் நாள் ஆறு பேரும் தச்சனின் கதவுக்கு முன்னால் நின்றபோது ஓட்டைப்பல், "வணக்கம் வைக்காதீங்கடா" என்றார். அது வேண்டுதலாகவும் இல்லை, கட்டளையாகவும் இல்லை. எருமை அவருடைய கட்டுப் போட்ட கண்குழியைப் பார்த்தார். "சரி அண்ணே. பேனே பாக்குறேன்" என்றார்.

தச்சன் அதற்குப் பின் யார்மீதும் கை ஓங்கவில்லை. துப்பவில்லை. தட்டை ஒழுங்காகத் திருப்பித் தந்தான். நூற்று முப்பத்து மூன்றுக்கு மேல் அவனுக்கு எதுவும் தேவையாக இருக்கவில்லை. அந்தச் சிறையிலேயே சாதுவான கைதிக்குத்தான் ஆறு பேர் கதவு திறந்தார்கள்.

ஒருநாள் துவாரத்தின் வழியாகக் கேட்டான். "கண்ணு வலிக்குதா அண்ணே?"

"இல்லாத கண்ணு எப்படிடா வலிக்கும்?"

"என் ரெண்டு விரலு இன்னும் வலிக்குதே."

ஓட்டைப்பல் காலித் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு, "ராத்திரியில வலிக்குதுதான்" என்றார். துவாரத்தை மெல்லச் சாத்தினார்.

அவர் போட்ட மனுவுக்கு அதன் பிறகுதான் தலைமையகம் பதில் அனுப்பியது. இடையில் முற்றத்தில் நடந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவருடைய 9-2-1999 தேதியிட்ட மனு பரிசீலிக்கப்பட்டது, கோரிக்கை ஏற்கப்படுகிறது, மேற்படி கைதி நிரந்தரமாக ஆறாள் வகையில் வைக்கப்படுவார், இனி மறுஆய்வு தேவையில்லை என்று நான்கு வரிக்கு நான்கு வரி. ஓட்டைப்பல் அதை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். சாவிக் கொத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு, கதவு திறக்க ஆறு பேர் கூடும் இடத்துக்கு நடந்தார். கடிதம் வந்து சேர்ந்த தேதி 14-6-1999.